வச்சிரம் காய்ச்சாத மூன்று மாதம்

கண்டி மஹய்யாவ மேட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகள் இருந்தன. அந்த ஏழு வீட்டிலும் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா, மச்சான், சித்தப்பா, மதினி என்று எல்லாமே முறைதான். மன்னாருக்குத் தோணியேறியபோது சட்டி பானையை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட முறையை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தார்கள். புதிதாக ஒருவர் குடிவந்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அம்மா வழியில் யார் யார் என்று விசாரித்து, வாயிலிருக்கும் வெற்றிலை மென்று முடிவதற்குள் அவருக்கு ஒரு முறை கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசி வீட்டுச் சின்னமுத்துவுக்கு மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரை ‘வச்சிரம்’ என்று கூப்பிட்டார்கள். மரியாதை கொஞ்சம் கூடினால் ‘வச்சிரக்காரர்’.

வைரக்கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுத்தோல் துண்டையும் குளம்பையும் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நாள் முழுக்கச் சிறு தீயில் காய்ச்சி வடித்தால் வரும் பசைக்குத்தான் அந்தப் பெரிய பெயர். தச்சர்களுக்கு வேண்டிய சாமான் அது. சின்னமுத்து தச்சர் இல்லை. கண்டி திருகோணமலை வீதியில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் தகடு ஒட்டுகிறவர்.

ரயில் கண்டிக்கு வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த காலம். மலை முழுக்கக் காப்பி. தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவரும் தங்கள் காப்பிப் பீப்பாய்க்கென்று ஓர் அடையாளச் சீட்டு வைத்திருந்தார்கள். ஒருவருக்கு யானை, ஒருவருக்குக் கிரீடம், இன்னொருவருக்கு இரண்டு பனைமரம். படம் வெட்டிய மெல்லிய செப்புத் தகடு சீமையிலிருந்து வரும். அதை அப்படியே வைத்து அச்சடிக்க முடியாது. அச்செழுத்தின் உயரத்துக்கு வரவேண்டும் என்றால் அடியில் பலாக்கட்டை கொடுத்து ஒட்ட வேண்டும். ஆணி அடித்தால் போகிறது என்று தோன்றும். படம் ஓரம்வரை இருந்தால் ஆணியை எங்கே அடிப்பது, யானையின் காதிலா? ஆகவே பசைதான். அதுவும் எங்கும் ஒரே கனமாக, நகக்கண் அளவுகூடத் திரளாமல் இருக்க வேண்டும். ஒரு மூலையில் திரண்டால் அந்த மூலை கறுத்து விழும், எதிர் மூலை வெளுத்துப் போகும். அச்சை ஆயிரம் இழுப்பு இழுத்தாலும் தகடு அசையக் கூடாது. மை கழுவும் சாம்பல் காரத் தண்ணீர் பட்டாலும் விடக் கூடாது. வேலை முடிந்ததும் தகட்டைச் சேதமில்லாமல் கழற்றவும் முடிய வேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், சொன்னால் விடவும் வேண்டும். மனிதர்களிலேயே அப்படி ஒருவரைக் காண்பது கஷ்டம்.

சீமை வச்சிரம் கட்டியாக வரும், வரும்போதே பூஞ்சணம் பிடித்திருக்கும். அதனால் சின்னமுத்து தானே காய்ச்சினார். அச்சுக்கூடத்தில் காய்ச்சியபோது அதன் முதலாளித் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சரி என்று வீட்டுக்குப் பின்னால் அடுப்பு போட்டார். அன்றிலிருந்து அந்த வரிசையில் யாரும் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவர் வீட்டுத் தண்ணீர் யார் வாயிலும் பட்டதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள், வேலிக்கு மேலே. தட்டைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

முறை இல்லாததற்குக் காரணம் வேறு. நாலந்தையில் வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில், தோட்டத்துக்கு நடந்து வந்த ஒரு கூட்டம் பேதியில் விழுந்தபோது, பிழைத்த ஒரே உருப்படி அவர். மூன்று வயது இருக்கும். அந்த வழியே வந்த ஒரு வண்டிக்காரர் தூக்கி வந்து அச்சுக்கூடத்துப் பின்கட்டில் சமையல்காரனிடம் விட்டுப்போனார். சின்னமுத்து என்ற பெயர் சமையல்காரன் வைத்தது. எந்த ஊர், யார் பெற்றது, எதுவும் தெரியாது. வளர்ந்தது அச்செழுத்துப் பெட்டிகளுக்கு நடுவில். நேர் எழுத்தைப் படிக்கும் முன்பே கண்ணாடியில் தெரிவது போன்ற தலைகீழ் எழுத்தைப் படிக்கக் கற்றவர். வீட்டில் நாலு பேர் கூடியிருந்து பேசினால் எப்படிப் பேசுவார்கள் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை.

முப்பத்தைந்து வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. வந்ததற்குக் காரணம் ஒரு பானை.

மூன்றாம் வீட்டுப் பழனியாண்டி கல் ஏற்றும் வண்டிக்காரர். அவருடைய தங்கை பேச்சியம்மா புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, ரயிலடிக் காப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வச்சிரப் பானையைச் சிறு தீயில் வைத்துவிட்டுச் சின்னமுத்து விறகுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் பானை கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவள் பேச்சியம்மா.

“பொங்கி வழிஞ்சுச்சு. வீணாப் போயிருமேன்னு எறக்கி வெச்சேன்,” என்றாள். கையில் வச்சிரம் ஒட்டியிருந்தது. முகத்தைச் சுளிக்காமல் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பானையை அதற்கு முன் அவரைத் தவிர இன்னொரு கை தொட்டதில்லை. அன்று முழுக்கச் சின்னமுத்துவுக்கு வேலை ஓடவில்லை.

பெண் கேட்க ஆள் அனுப்ப வேண்டும். அனுப்ப அவருக்கு ஆளில்லை. அடுத்த மாசி மாதம் தானே போய்ப் பழனியாண்டி முன்னால் நின்றார். பழனியாண்டி வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். முகத்துக்கு நேரே ஒருவரிடம் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாதவர்.

“அதுக்கென்ன, தங்கச்சியும் எத்தன நாளைக்குத் தனியாக் கெடக்கும்,” என்றார். “ஆனா ஒண்ணு. அந்தத் தோலு நாத்தத்துல எப்படி வந்து கை நனைக்கிறது, நீங்களே சொல்லுங்க. சொந்தக்காரவுங்க மூக்கப் புடிச்சிக்கிட்டா சாப்புடுவாங்க?”

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடிகிறவரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதுவரை சின்னமுத்துவுக்கும் தெரியும்.

“அத விட்டுட்டா?” என்று கேட்டார்.

பழனியாண்டி எண்ணெய்க் கொம்பைக் கீழே வைத்தார். மேலே பார்த்தார். “விட்டுட்டா… பாக்கலாம்,” என்றார்.

சின்னமுத்து அந்தச் சொல்லை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. காற்றே ஈரத் துணியாய்க் கிடந்தது. வச்சிரத்துக்கு ஈரம் ஆகாது. ஒரு தோட்டத்து யானைத் தகடு இருநூறாவது இழுப்பில் இளகி, சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவனிப்பதற்குள் ஆயிரம் சீட்டு போய்விட்டது. ஆயிரத்திலும் யானை முன்காலைத் தூக்கி மலையேறிக்கொண்டிருந்தது. துரை போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. அச்சுக்கூடத்து மேலாள் தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடாதவர். ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஏறுது,” என்றார். “சின்னமுத்து, இந்த வச்சிரத்தை விட்டிட்டு வேறை ஏதும் பசை இருக்கோ எண்டு பாரும்.”

வேறு யாராவது அன்று வெட்கப்பட்டிருப்பார்கள். சின்னமுத்துவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வச்சிரத்தை விடச் சொல்லி இரண்டு இடத்திலிருந்தும் உத்தரவு வந்தாயிற்று.

அப்புறம் ஒரு வருஷம் அவர் பசை பசையாக அலைந்தார். முதலில் கஞ்சிப் பசை. ஒரே வாரத்தில் கரப்பான் பூச்சி தின்று, தகடு கட்டை மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. புளியங்கொட்டைப் பசை துணிக்கு நல்லது, செம்பைக் கண்டால் அதற்கு ஆகவில்லை. விளாம்பிசின் மழையில் நன்றாகப் பிடித்தது. நம்பி இருந்தார். தை மாதக் காய்ந்த காற்றில் சுருங்கி வெடித்து, தகடு துள்ளி அச்சுக்காரன் மடியில் விழுந்தது. பலாப்பால் எந்தக் காலத்திலும் காய்வதாக இல்லை. ஒட்டிய தகடு நாளுக்கொரு நூல் நகர்ந்துகொண்டே இருந்தது. வெறும் அரக்கு இறுகப் பிடித்தது, ஆனால் அச்சின் அடி தாங்காமல் கண்ணாடியாய் நொறுங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலாக்கட்டைத் துண்டை ஒதுக்கி, எந்தப் பசை, எந்த மாதம், எத்தனை இழுப்பு தாங்கியது என்று அதன் அடியில் கத்தியால் கீறி வைத்தார். தோற்றுப்போன கட்டைகள் ஜன்னலில் வரிசையாக ஏறின. இடையில் அடுப்பு நிற்கவில்லை. வேறு பசை கிடைக்கும்வரை தோல்தானே கஞ்சி ஊற்ற வேண்டும். ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று பானையைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். பேச அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

கோடு அச்சடிக்கிற பித்தளைத் துண்டுகள் வாங்கி வரச் சொல்லி, ஒருநாள் தியாகராஜா அவரைப் பிலிமத்தலாவைக்கு அனுப்பினார். பேராதனைப் பாலம் தாண்டி நடந்து போனார். அங்கே ஒரு சிங்களக் கன்னார் பித்தளைத் தகட்டில் பூவேலை செதுக்கிக்கொண்டிருந்தார். சுத்தியல் அடி மேல் அடியாக விழுகிறது, தகடு அசையவில்லை. அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று பிடித்திருந்தது. சின்னமுத்து பித்தளையை மறந்து அங்கேயே குந்திவிட்டார். வேலை முடிந்ததும் கன்னார் தகட்டைத் தணலில் லேசாகக் காட்டினார். அது ஒரு சொல்லும் சொல்லாமல் கழன்று வந்தது.

“தும்மல,” என்றார் கன்னார். குங்கிலியத்துக்குச் சிங்களப் பேர் அது. மரத்தில் வடிவது. தோலும் இல்லை, குளம்பும் இல்லை. உருகும்போது கோயில் வாசனை.

குங்கிலியம் நாலு பங்கு, அரக்கு ஒரு பங்கு, நொறுங்காமலிருக்கத் தேன்மெழுகு கொஞ்சம், இளகாமலிருக்கச் சலித்த செங்கல் தூள். இந்தக் கணக்குக்கு வர அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. அடுத்த ஆனி மழையில் யானைத் தகட்டை அதில் ஒட்டிக் கொடுத்தார். நாலாயிரம் இழுப்பு. காரத் தண்ணீரில் கழுவி மறுபடி நாலாயிரம். யானை நாலு காலும் தரையில் ஊன்றி நின்றது. தியாகராஜா கட்டையைத் தட்டிப் பார்த்து, “ஓம், இது விசயம்,” என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

ஆடி முதல் தேதி சின்னமுத்து வச்சிரப் பானையை உடைத்தார். தோலையும் குளம்பையும் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார், தரையை மூன்று தரம் சாணி போட்டு மெழுகினார். இரண்டு பித்தளைச் செம்பு வாங்கிப் புளி போட்டு விளக்கி, தண்ணீர்ப் பானை மேல் கவிழ்த்து வைத்தார். ஒன்று தனக்கு. மற்றது வருகிறவருக்கு.

யாரும் வரவில்லை.

வராதது மட்டும் என்றால் அவருக்குப் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் காலையில் யாராவது ஒருவர், “என்ன வச்சிரம், இன்னிக்கும் பத்த வெச்சாச்சா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சலித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு மூக்காயி கிழவி திட்டுவாள். திட்டினாலும் அது அவரைப் பார்த்துச் சொன்ன பேச்சு. இப்போது வச்சிரம் இல்லாதவரை எப்படி வச்சிரம் என்று கூப்பிடுவது? வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மாமாவா, மச்சானா, அண்ணனா? எதிரே கண்டால் ஒரு கணம் வாய் திறப்பார்கள், சொல் கிடைக்காது, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குங்கிலியப் பசை உருக்கினால் வரிசை முழுக்க மணத்தது. அதைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று மாதம் பட்ட தனிமையை அவர் அதுவரை வாழ்நாளில் பட்டதில்லை.

ஆடியில் கேட்டதற்குப் பழனியாண்டி, “ஆடியில எங்க பேசறது,” என்றார். நியாயம்தான். ஆவணியில், “மாத்தளையில இருந்து பெரிய மாமா வரணும்,” என்றார். புரட்டாசியும் கல்யாணப் பேச்சுக்கு ஆகாத மாதம். சின்னமுத்து விடவில்லை. “பேச வேணாங்க. சும்மா ஒருநாளு வந்து உக்காந்துட்டுப் போங்க,” என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். பழனியாண்டி வாசற்படிவரை வந்தார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார், மெழுகிய தரையைப் பார்த்தார். சின்னமுத்து செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“வயிறு சரியில்லீங்க,” என்றார் பழனியாண்டி.

“தண்ணிதாங்க.”

“இல்ல. சரியில்ல.”

“நாத்தம் ஏதும் இருக்குங்களா இன்னும்?”

“சேச்சே, நாத்தமே இல்ல,” என்று சொல்லிவிட்டு அவர் அழாக்குறையாக நின்றார். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று முனகிக்கொண்டே படியிறங்கினார். அந்த மாதம் முழுக்க அவர் வண்டி வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை மலை ஊற்று கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கச் சின்னமுத்து போனபோது பேச்சியம்மா குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வேறு யாரும் இல்லை.

“வச்சிரக்…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “ஒங்கள இப்ப என்னான்னு கூப்புடுறதுன்னே தெரியல.”

“பேரச் சொல்லுங்க. சின்னமுத்து.”

அவள் சொல்லவில்லை. குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கண்ணன் ஒங்ககிட்ட என்னா சொல்லுச்சு?”

“தோல விட்டுட்டா பாக்கலாம்னாருங்க.”

“பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். இதுகூடவா ஒங்க வீட்டுல…” என்றவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சின்னமுத்து குடத்தைக் கீழே வைத்தார்.

“தோலு ஒரு சாக்குங்க,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “நீங்க எந்த ஊரு, யாரு வகைன்னு எங்கண்ணனுக்குத் தெரியாது. ஒங்களுக்கே தெரியாது. அத ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல அதுக்கு மனசு வரல. தோலு இருந்துச்சு, அத சொல்லித் தப்பிச்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப நீங்க அதயும் எடுத்துட்டீங்க. ராத்திரி சோறு எறங்காமத் தவிக்குது. இங்க எல்லாருக்குமே அப்படித்தான்.”

“ஒங்களுக்கு?” என்று கேட்டார் சின்னமுத்து. எப்படிக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “எனக்கு அந்த நாத்தம் எப்பவுமே பெரிசாத் தெரியல,” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

அன்று அச்சுக்கூடத்தில் அவர் எழுத்துப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை அச்செழுத்தில் கோத்து, தலைகீழாகப் பார்த்தார், தாளில் அடித்து நேராகவும் பார்த்தார். முடியாது என்பது அதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. ஊரில் எல்லாக் குழந்தையும் அதை அடுக்களையில் கேட்டே தெரிந்துகொள்ளும்போல. அவருக்கு அடுக்களை கிடைக்கவில்லை. பழனியாண்டி மேல் கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தார். அந்த மனிதர் வாசற்படியில் அழாக்குறையாக நின்றதுதான் கண்ணுக்கு வந்தது, கோபம் வரவில்லை. நாளைக்கு ஒருநாள் பெரிய மாமா மாத்தளையிலிருந்து உண்மையாகவே வந்து, எல்லோருக்கும் முன்னால், ‘நீ யாரப்பா’ என்று கேட்டுவிடக் கூடும். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

ஐப்பசி பிறந்ததும் தியாகராஜாவிடம் போனார்.

“ஐயா, குங்கிலியம் சரியா வரலீங்க. மறுபடி வச்சிரமே போட்டுர்றேன்.”

தியாகராஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன குறை கண்டீர்?”

“குளிர்ல வெடிக்குதுங்க.”

தியாகராஜா யானைக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மாதம் இழுத்த கட்டை. மயிரிழை வெடிப்பு கிடையாது. சின்னமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லவும் அவருக்கு யாரும் பழக்கிவிடவில்லை.

“ஒட்டிறது நீர்,” என்றார் தியாகராஜா கடைசியில். “உமக்குச் சரியெண்டு படுறதைச் செய்யும். யானை மட்டும் மலையேறக் கூடாது.”

“ஏறாதுங்க. மழைக் காலத்துல தினமும் கழத்தித் திரும்ப ஒட்டிர்றேன்.”

அப்படியே செய்தார், அதற்குப் பிறகு வந்த அத்தனை மழைக்காலத்திலும். ஒரு தரம் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய தகட்டைத் தினமும் கழற்றி, சுரண்டி, மறுபடி ஒட்டினார். இரண்டு ஆள் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பானை வாங்கி, தோலும் குளம்பும் போட்டு, வீட்டுக்குப் பின்னால் அடுப்பைப் பற்ற வைத்தார். வருகிறவருக்கென்று வாங்கிய செம்பால்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பத்து மணிக்கெல்லாம் நாற்றம் வேலி தாண்டியது. மூக்காயி கிழவி இருமினாள். அங்கே இங்கே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சின்னமுத்து அகப்பையால் கிண்டிக்கொண்டு காத்திருந்தார்.

“என்ன வச்சிரம்,” என்று பழனியாண்டியின் குரல் வேலிக்கு மேலே வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய தெம்பு இருந்தது. “திரும்ப ஆரம்பிச்சாச்சா? மனுசன் மூச்சு விட வேணாமா?”

“என்னங்க பண்றது. வேற பசை ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது.”

“அட, இத மட்டும் விட்டுத் தொலைச்சீங்கன்னா நாங்களும் ஒருநாளு வந்து உக்காந்து கை நனைச்சுட்டுப் போவோம்ல.”

சின்னமுத்து தீயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கண்ணில் புகை பட்டதோ, வேறு எதுவோ, துடைத்துக்கொண்டார்.

“பாக்கலாங்க,” என்றார்.